பெரட்டுக்குப் பிந்தி வரும் முத்தம்மா

ஈப்போவுக்குப் பக்கத்தில், சிம்பாங் பூலாயிலிருந்து மலைக்கு ஏறும் சாலையில் ஒரு செம்மண் பாதை பிரியும். அதில் உள்ளே போனால் ஏழாங்கட்டைத் தோட்டம், முன்பு ரப்பர் எஸ்டேட். செம்மண் என்று பழக்கத்தில் சொல்லிவிட்டேன், இப்போது அது தார் ரோடு. அங்கே வருகிறவர்கள் பார்க்க விரும்புவது மூன்றைத்தான்: துரை பங்களா, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயம், முத்தம்மா. முதல் இரண்டுக்கும் நூறு வயதாகிறது. முத்தம்மாவுக்கு அறுபத்தாறு. ஆனாலும் அதிகமாகப் படமெடுக்கப்படுவது அவள்தான். தினமும் காலையில் அவள் வேலைக்குத் தாமதமாக வருகிறாள். அதற்குத்தான் சம்பளம்.

இது எப்படி வந்தது என்று சொல்கிறேன். நான் சொல்வதில் பெரிதாகத் தெரிவதையெல்லாம் உங்கள் விருப்பம்போல் வெட்டிக்கொள்ளுங்கள். சின்னதாகத் தெரிவதெல்லாம் நடந்தது.

முத்தம்மா அந்த லயத்தில் நான்காம் வீட்டில் பிறந்தவள். பதினான்கு வயதில் பால்மரம் வெட்டப் போனாள், ரப்பர் மரப் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் வேலை. கட்டிக்கொண்டது ஏழாம் வீட்டுப் பழனியப்பனை. ஆக, கல்யாணத்தில் அவள் கடந்த தூரம் மூன்று வாசல். இருபத்தேழு வருஷம் மரம் வெட்டினாள். அந்த இருபத்தேழு வருஷமும் விடியுமுன் ஐந்து மணிக்குப் பெரட்டு.

பெரட்டு என்றால் ஆள் எடுப்பது. ஆபீஸ் முன்னால் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். அதை இரும்புக் கம்பியால் அடிப்பார்கள். அந்தச் சத்தம் பல மைல் தள்ளியிருக்கும் தஞ்சோங் ரம்புத்தான் வரை கேட்டு, அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ்கள் ஷிப்ட் மாறினார்கள் என்று சொல்வதுண்டு. மணி அடிக்கும்போது வெள்ளையடித்த கல் வரிசைக்கு உள்ளே வாளியோடு நிற்க வேண்டும். கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், பேர் கூப்பிடுவார். "இருக்கேன்" என்று சொன்னவருக்கு அன்று வேலை உண்டு. மணி அடித்தபின் வந்தவர் கல்லுக்கு வெளியே நிற்பார். கிராணி நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "வேலை இல்ல, நாளைக்கு வா" என்பார். சம்பளம் போனது ஒரு பக்கம். வெறும் வாளியைத் தூக்கிக்கொண்டு லயம் முழுவதும் பார்க்கத் திரும்பி நடப்பது இன்னொரு பக்கம். அதுதான் பெரிய தண்டனை. சின்னப் பிள்ளைகள் பின்னாலேயே வந்து அந்த நடையை நடித்துக் காட்டும்.

முத்தம்மா அந்த நடையை ஒருநாளும் நடந்ததில்லை. கல்யாணத்துக்கு மறுநாளும் கல்லுக்கு உள்ளே நின்றாள். மகள் பிரமிளா பிறந்த அன்றும் பெரட்டில் நின்று, பத்து மணி வரை மரம் வெட்டி, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏறினாள். பிறந்த குழந்தை முதலில் மணி என்ன என்று கேட்டது என்பது மட்டும் கொஞ்சம் மிகை.

ஆறாம் வீட்டுக் கார்த்திகேசு இதற்கு நேர் எதிர். மாதத்தில் நான்கு நாள் அவன் கல்லுக்கு வெளியேதான் நிற்பான். கிராணி வாயைத் திறக்குமுன்பே அவனுடைய நாய் வீட்டுப் பக்கம் திரும்பிவிடும்.

தோட்டம் தொண்ணூற்று ஒன்பதில் மூடியது. ரப்பரை அழித்து, எண்ணெய் எடுக்கும் செம்பனை போட்டார்கள். செம்பனைக்கு இத்தனை ஆள் வேண்டியதில்லை. பிள்ளைகள் ஈப்போவுக்குப் போனார்கள், தொழிற்சாலைக்கும் கடைகளுக்கும். பதினொரு குடும்பம் மட்டும் லயத்திலேயே இருந்தது. போகச் சொல்ல ஒருவரும் வரவில்லை, அதனால் இருந்தார்கள். பிறகு ஒரு கம்பெனி நிலத்தை வாங்கியது. துரை பங்களாவைப் பழுது பார்த்து, தங்குவதற்கு அறைகள் கட்டி, கண்ணாடிச் சுவர் வைத்த நீச்சல் குளமும் வெட்டியது. பிறகு லயத்தைப் பார்த்தது.

பதினொரு வீட்டாரும் மூட்டை கட்டத் தயாரானபோது, மேலாளராக வந்த ஷர்வின் என்ற இளைஞன் வேறு செய்தி சொன்னான். ஈப்போ பையன், ஓட்டல் படிப்புப் படித்தவன், மரியாதை தெரிந்தவன். யாரும் போக வேண்டாம், வாடகையும் வேண்டாம் என்றான். காலை பத்து மணிக்கு விருந்தாளிகள் பார்க்கப் பெரட்டு நடக்கும். வீட்டுக்கு ஒருவர் பழைய உடுப்பில் வந்து நிற்க வேண்டும். அதற்குச் சம்பளமும் உண்டு. வருஷத்தில் மூன்று நாள் ஒரு வீட்டிலிருந்து ஆள் வரவில்லை என்றால் அந்த வீட்டைக் காலி செய்து கொடுக்க வேண்டும்.

பத்து மணி என்றதும் லயமே சிரித்தது. ஐந்து மணிக்கு வைத்தால் யார் எழுந்து வருவார்கள் என்று ஷர்வின் கேட்டான். அது நியாயம்தான்.

நல்லதைச் சொல்லாமல் விடக்கூடாது. இருபது வருஷம் மனுப் போட்டும் வராத தார் ரோடு, பஸ் வர வேண்டும் என்றதும் மூன்று வாரத்தில் வந்தது. குழாயில் தண்ணீர் வேகமாக வந்தது. லயத்துப் புனிதாவின் இரண்டு பையன்களுக்கும் சமையல்கட்டில் வேலை கிடைத்தது. மற்றதையும் சொல்ல வேண்டும். சீனி என்பவரின் மளிகைக் கடை விருந்தாளிகளுக்கான காப்பிக் கடையானது. பால் டின்னில் கயிறு கட்டி அவர் விற்கும் காப்பியை லயத்துக்காரர்கள் விலை கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்க் குடித்தார்கள். மோட்டார் சைக்கிளை வீட்டுக்குப் பின்னால் மறைக்க வேண்டும். கூரை மேலிருக்கும் டிவி தட்டைச் சாக்குப் போட்டு மூட வேண்டும். முன்வாசல் கொடியில் கைலி காயலாம், கால்பந்து ஜெர்சி காயக்கூடாது. கோழி கட்டாயம் வளர்க்க வேண்டும். யார் படம் எடுக்கக் கேட்டாலும் மாட்டேன் என்று சொல்லக்கூடாது.

விருந்தாளிகளுக்கென்று நாற்பது ரப்பர் மரம் புதிதாக நட்டிருந்தார்கள். அவை இன்னும் பால் தரும் வயதுக்கு வரவில்லை. மரத்தில் கட்டிய கோப்பையில் இருப்பது டின் பால் என்று பேச்சு. அந்தத் தோப்பை விட்டு நகராத பூனைகளைப் பார்த்தால் எனக்கும் நம்பத்தான் தோன்றுகிறது.

கிராணி வேஷம் யாருக்கு என்பதில் கொஞ்சம் மனஸ்தாபம் வந்தது. கடைசியில் காக்கிக் கால்சட்டை யாருக்குப் பொருந்துகிறதோ அவருக்கு என்று ஷர்வின் முடிவு செய்தான். பொருந்தியது கார்த்திகேசுவுக்கு. வாழ்நாளில் பாதியைக் கல்லுக்கு வெளியே கழித்தவன் இப்போது உள்ளே மேசை போட்டு, தொப்பி வைத்து, பேரேட்டைப் பிரித்தான். முதல் நாள் மணி அடித்தபோது முத்தம்மா வாளியை இறுக்கிப் பிடித்தாள். நான்காவதாகப் பேர் வந்தது. "இருக்கேன்" என்றாள். ஒரு வாரத்தில் பழகிவிட்டது.

அந்தக் காலத்தை நினைத்து அவள் உருகியதில்லை. பெரட்டைப்போல அவள் வெறுத்தது ஒன்றுமில்லை. விருந்தாளி ஒருவர், அந்த நாட்கள் எப்படி இருந்தன என்று கேட்டார். "கொசு ஜாஸ்தி" என்றாள். வழிகாட்டி அதை, இயற்கையோடு நெருங்கி வாழ்ந்தோம் என்கிறார் என்று மொழிபெயர்த்தான்.

இரண்டு வருஷம் அப்படிப் போயிற்று. போன வருஷம்தான் கணக்கு இடித்தது. பழனியப்பனின் கால்விரல் இரண்டை எடுக்க வேண்டி வந்தபோது அவள் ஈப்போ ஆஸ்பத்திரியில் இருந்தாள். அது ஒரு நாள். பாரிட் புந்தாரில் அண்ணி இறந்தபோது போக வேண்டியிருந்தது. அது இரண்டாவது நாள். இன்னும் ஒரு நாள் தவறினால் வீடு போகும் என்று ஷர்வின் முன்கூட்டியே சொல்லி வைத்தான். அவளுக்குப் பதில் பழனியப்பன் நிற்கலாம் என்றால், கம்பை ஊன்றி நிற்கிற ஆளைப் பார்த்தால் விருந்தாளிகள் வருத்தப்படுவார்களாம்.

அக்டோபர் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, வெளிநாடுகளிலிருந்து பயண ஏஜெண்டுகள் இருபத்திரண்டு பேர் வந்தார்கள். அவர்களுக்குப் பிடித்தால் அடுத்த வருஷம் முழுக்கப் பஸ் வரும். ஷர்வின் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. முத்தம்மா வழக்கம்போல் பத்துக்கு இருபது நிமிஷம் இருக்கும்போது வீட்டை விட்டு இறங்கினாள். நீளக்கைச் சட்டை, கைலி, தலையில் துண்டு, காலில் பூட்ஸ், கையில் வாளி. லயத்துக்கும் ஆபீசுக்கும் நடுவில் இருநூறு அடி.

நூறாவது அடியில் ஜொகூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் எதிர்ப்பட்டது. பாட்டனார் முதல் பேரப்பிள்ளைகள் வரை பதினான்கு பேர். "ஆன்ட்டி, ஒரு போட்டோ" என்றார்கள். மாட்டேன் என்று சொல்லக்கூடாதே. முதலில் எல்லாரும் சேர்ந்து ஒன்று. பிறகு தனித்தனியாக. பிறகு வாளியை வாங்கி ஆளுக்கொரு தடவை பிடித்துக்கொண்டு. பாட்டனாருக்குக் கண்ணாடி போட்டு ஒன்று, கழற்றி ஒன்று. கடைசியில் எல்லாரும் ஒரே நேரத்தில் எகிறிக் குதிக்க வேண்டும் என்றார்கள். முத்தம்மாவும் குதித்தாள் என்று சிலர் சொல்கிறார்கள். அவள் மறுக்கிறாள்.

குதித்துக்கொண்டிருக்கும்போது மணி அடித்தது.

வாளியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். போய்ச் சேர்ந்தபோது அவள் பேர் கூப்பிட்டு முடிந்து ஆறாவது பேர் போய்க்கொண்டிருந்தது. கல் வரிசைக்கு வெளியே அவள் கால் தானாக நின்றது. உள்ளே பத்துப் பேர். பக்கத்தில் கொட்டகையில் இருபத்திரண்டு விருந்தாளிகள். இரண்டு அடி வைத்து உள்ளே நுழைந்திருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவளுக்கு அது தோன்றவில்லை. மணி அடித்துவிட்டது, அவள் வெளியே இருக்கிறாள், அவ்வளவுதான்.

கார்த்திகேசு பேரேட்டிலிருந்து தலையைத் தூக்கினான். அவனுக்கு எழுதிக் கொடுத்த வசனத்தில் இந்த இடத்துக்கு ஒன்றும் இல்லை. ஆனால் இந்த இடத்துக்கு என்ன வசனம் என்று அவனைவிட நன்றாகத் தெரிந்தவர் இந்தப் பேராக் மாநிலத்திலேயே கிடையாது. அவன் மீண்டும் குனிந்துகொண்டான்.

"வேலை இல்ல. நாளைக்கு வா."

முத்தம்மா வாளியை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினாள். திரும்பினாள். லயம் முழுவதும் பார்க்க, அந்த இருநூறு அடியையும் தலை நிமிராமல் நடந்தாள். உள்ளே நின்றவர்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள், அந்தக் காலத்தில் பார்த்ததுபோலவே. கொஞ்ச நேரம் கழித்துத்தான் விருந்தாளிகளுக்குக் கையில் போன் இருப்பது ஞாபகம் வந்தது.

வீட்டில் பழனியப்பன் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். என்ன, அதற்குள் வந்துவிட்டாய் என்று கேட்டார். "பிந்திட்டேன்" என்றாள். அவரும் பெரட்டில் வளர்ந்தவர். அவள் உட்காரக் கட்டிலில் இடம் விட்டார். அவள் பூட்சைக் கழற்றிவிட்டு அடுப்பைப் பற்றவைத்துத் தண்ணீர் வைத்தாள். தண்ணீர் கொதித்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"ஏம்மா," என்றார் பழனியப்பன், "அது நாடகம்ல?"

பூட்சைக்கூடப் போடாமல் ஓடினாள். பெரட்டு முடிந்து, விருந்தாளிகள் பூனைத் தோப்புக்குப் போயிருந்தார்கள். கல் வரிசைக்குள் ஷர்வின் மட்டும் கையில் டேப்லட்டோடு நின்றான். தினமும் ஆள் வந்ததை அதில்தான் தட்டிப் பதிவது.

"ஆன்ட்டி, ஏன் இப்படிச் செஞ்சீங்க?"

"பிந்திட்டேன் தம்பி. உள்ள எப்படி வர்றது?"

"சும்மா நடந்து வந்திருக்கலாம் லா. நாங்க என்னா நெஜமாவா வேலை குடுக்கிறோம்?"

பிந்தியதுதான், வராமல் இல்லை என்று அவள் வாதாடினாள். ஜொகூர் குடும்பத்தைச் சாட்சிக்குக் கூப்பிட்டாள். அவர்கள் அதற்குள் மலைக்குப் போயிருந்தார்கள். ஷர்வின் டேப்லட்டைத் திருப்பிக் காட்டினான். அதில் இரண்டு பெட்டிதான் இருந்தது: வந்தார், வரவில்லை. பிந்தி வந்தார் என்று ஒரு பெட்டி இல்லை. பேர் கூப்பிடும்போது அவள் உள்ளே இல்லாததால் அது வரவில்லை என்று பதிந்து, தானாகவே கோலாலம்பூருக்குப் போய்விட்டது. அவனால் அதைத் திருப்பி எடுக்க முடியாது. அவன் முகத்தைப் பார்த்தால் பொய் சொல்பவனாகத் தெரியவில்லை.

மூன்றாவது நாள்.

அன்று மாலை கார்த்திகேசு காக்கிக் கால்சட்டையைக்கூட மாற்றாமல் வந்து வாசலில் நின்றான்.

"அக்கா, வாய் தானா சொல்லிடுச்சு. எத்தன வாட்டி கேட்டிருக்கேன் அத."

"நீ சொல்லாட்டியும் நான் திரும்பிருப்பேன். கல்லுக்கு வெளிய நின்னாச்சு, பெறகு என்னா?"

"அப்படி நடந்தீங்களே, அதத்தான் பாக்க முடியல."

"நீ மாசத்துக்கு நாலு தரம் நடப்ப. நான் பாக்கல?"

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. ஆனால் உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தாள்.

நான்காம் நாள் கடிதம் வந்தது. மலாயில் இரண்டு பக்கம். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் பாடம் சொன்னதால் லயத்துக் கடிதங்களெல்லாம் என்னிடம்தான் வரும். இரண்டு பக்கத்தையும் படித்து ஒரு வரியில் சொன்னேன்: பதினான்கு நாளில் சரியான விளக்கம் தராவிட்டால் மாதக் கடைசிக்குள் வீட்டைவிட்டுப் போக வேண்டும். விளக்கத்தை நானே எழுதினேன். எகிறிக் குதித்ததை விட்டுவிட்டேன்.

எழுதிக் கொடுத்தாலும் நம்பிக்கையில்லை. முத்தம்மா மறுநாள் பெரட்டு முடிந்ததும் ஈப்போவுக்குப் பஸ் ஏறினாள். மகள் பிரமிளா முன்பு பழைய டவுனில், கடை மாடியில் வாடகைக்கு இருந்தாள். விசாலமான இரண்டு அறை, கூடம், காற்று. லயத்தை விட வேண்டிய நாள் வந்தால் அம்மாவும் அப்பாவும் கூடத்தில் இருந்துகொள்ளலாம் என்று எப்போதோ பேசி வைத்தது. சுற்றுப்பயணிகள் கூடக்கூட வீட்டுக்காரர் அதை விருந்தினர் அறையாக மாற்றிவிட்டார். பிரமிளா, புருஷன், மூன்று பிள்ளைகள், ஐந்து பேரும் இப்போது அடுக்குமாடியில் எட்டாம் தளத்தில், ஒரு அறையும் ஒரு சமையலறையும் உள்ள வீட்டில். லிப்ட் வேலை செய்யும் நாளை அங்கே விசேஷ நாள் என்கிறார்கள். பழனியப்பன் காலோடு அங்கே ஏறினால், பிறகு இறங்குவது நாலு பேர் தூக்கித்தான்.

போகிற வழியில் முத்தம்மா அந்தப் பழைய கடை மாடியை அண்ணாந்து பார்த்தாள். சன்னலுக்குப் பச்சை பெயிண்ட். வாசலில் அலங்காரமாக ஓர் அம்மிக்கல், அதன்மேல் பூச்சட்டி. அது பிரமிளா தூக்க முடியாமல் விட்டுப் போன அம்மி. வெயிலில் இரண்டு பெண்கள் அதன் பக்கத்தில் உட்கார்ந்து படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். பிரமிளா வேலை செய்வது இப்படிப்பட்ட அறைகளின் படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் இடத்தில். மகள் இருந்த அறையின் விரிப்பும் அதில் வருகிறதா என்று முத்தம்மா கேட்டாளாம். வரும் என்றாளாம் மகள். வீடு போகப்போவதை முத்தம்மா சொல்லவே இல்லை. கொண்டுபோன முட்டைகளைக் கொடுத்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பினாள்.

கெடுவுக்கு மூன்று நாள் இருக்கும்போது ஷர்வின் ஒரு பெரிய பிஸ்கட் டின்னோடு லயத்துக்கு வந்தான். கம்பெனி பிஸ்கட் கொடுத்தால் ஏதோ வேண்டியிருக்கிறது என்று பழனியப்பன் மெதுவாகச் சொன்னார். வேண்டித்தான் இருந்தது. அந்த இருபத்திரண்டு பேரும் ஊருக்குப் போய் எழுதியதெல்லாம் ஒன்றே ஒன்றைப் பற்றி. நீச்சல் குளத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. வேலை கிடைக்காமல் திரும்பி நடந்த பெண்ணைப் பற்றித்தான். ஒருவர் எடுத்த வீடியோ எத்தனையோ லட்சம் பேரிடம் போயிருந்தது. அது எழுதி வைத்து நடித்த காட்சி என்றே எல்லாரும் நினைத்தார்கள்.

"ஹெட் ஆபீஸ்ல ரொம்ப சந்தோஷம் ஆன்ட்டி. அன்னிக்கு செஞ்சத தெனமும் செய்யணுமாம்."

"என்னா செஞ்சேன்?"

"லேட்டா வந்தீங்கல்ல, அதான்."

"அது செஞ்சது இல்ல தம்பி. நடந்தது."

"அதேதான் வேணும் லா. பத்து மணி ரெண்டு நிமிஷத்துக்கு வாங்க, போதும். அந்த மூணாவது நாள நானே பேசி எடுத்திடுறேன்."

முத்தம்மா பிஸ்கட் டின்னைத் திறக்காமல் அவன் பக்கம் தள்ளினாள். இருபத்தேழு வருஷம் பிந்தாதவள், பிள்ளை பெற்ற அன்றும் பிந்தாதவள், வயதான காலத்தில் ஊரைக் கூட்டி வைத்துத் தினமும் பிந்த வேண்டுமா என்று கேட்டாள். ஷர்வினுக்கு அது புரியவில்லை. அவன் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே தண்டவாளத் துண்டு துருப்பிடித்துவிட்டது.

பழனியப்பன் ஒரே ஒரு சொல் சொன்னார்: "வீடு."

அவள் அவரைப் பார்த்தாள், அவர் காலைப் பார்த்தாள். பிறகு ஷர்வினிடம் திரும்பினாள்.

"சரி, பிந்துறேன். ஆனா பெரட்டுக்கு வந்தாத்தான் வீடுன்னு வச்சிருக்கீங்கல்ல, அத எடுத்திடணும். பதினோரு வீட்டுக்கும். வாயால சொன்னா பத்தாது, சுராட் வேணும்."

கடிதமா என்று இழுத்தான் ஷர்வின். அவளுக்கு மட்டும் என்றால் கேட்டுப் பார்க்கலாம், பதினொரு வீட்டுக்கும் என்றால் மேலே ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றான்.

"கல்லுக்கு உள்ள நிக்க பத்து பேரு இல்லேன்னா நான் யாருக்குத் தம்பி பிந்துறது?"

ஷர்வின் எழுந்தான். பிஸ்கட்டை வைத்துவிட்டுப் போனான்.

மறுநாள் முத்தம்மா ஒன்பது மணிக்கே வந்துவிட்டாள். கல் வரிசைக்கு உள்ளே, முதல் ஆளாக, வாளியோடு. அதற்கு மறுநாள் எட்டரைக்கு. வீடியோவைப் பார்த்துவிட்டு வந்த விருந்தாளிகள், தாமதமாக வரும் அம்மா எங்கே என்று கேட்டார்கள். அதோ நிற்கிறாரே என்று வழிகாட்டி காட்டினான். எப்போது தாமதமாக வருவார் என்று கேட்டார்கள். பேர் கூப்பிடும்போது அவள் "இருக்கேன்" என்று சொல்வது பக்கத்துச் செம்பனைத் தோட்டம் வரை கேட்டது. கார்த்திகேசு தொப்பியால் வாயை மறைத்துக்கொண்டான். இரண்டு வாரம் இப்படி. இடையில் கெடு முடிந்தது, வீடியோவில் வந்தவளைப் போகச் சொல்ல யாரும் வரவில்லை. சீக்கிரம் வந்தே வேலைநிறுத்தம் செய்தவர் உலகத்தில் வேறு யாரும் இருப்பதாக நான் கேள்விப்படவில்லை. வந்தவர்கள் ஏமாற்றத்தை எழுதினார்கள். இரண்டு பஸ் ரத்தானது. கோலாலம்பூரிலிருந்து ஷர்வினுக்குக் காலையில் ஒரு போன், மாலையில் ஒரு போன். பாவம், அவனும் அந்த இரண்டு வாரத்தில் இளைத்துப்போனான். தனியாகப் போய் மேலே என்ன பேசினான் என்று தெரியாது, ஆனால் பேசினான்.

கடிதம் வந்தது. மூன்று முறை படித்தேன், நான்காவது முறை பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். பதினொரு வீடு, பேர் பேராக. ஐந்து வருஷம். பெரட்டுக்கு வந்தாலும் வராவிட்டாலும் வீடு வீடுதான். ஐந்து வருஷத்துக்குப் பிறகு என்ன என்று அதில் எழுதவில்லை. முத்தம்மா கேட்டாள். எழுதவில்லை என்றேன். அதற்குள் பழனியப்பனுக்கு எழுபத்தைந்து ஆகிவிடும், அப்போது பார்ப்போம் என்று மடித்து அரிசி டின்னில் வைத்தாள்.

திங்கட்கிழமையிலிருந்து பிந்த ஆரம்பித்தாள்.

இப்போது போனால் நீங்களே பார்க்கலாம். பத்து மணிக்கு மணி அடிக்கும். கார்த்திகேசு பேர் கூப்பிடுவான். நான்காவது பேருக்குப் பதில் இருக்காது. ஆறாவது பேர் வரும்போது ஒரு பெண் வாளியோடு ஓடி வந்து கல்லுக்கு வெளியே நிற்பாள். அவன் நிமிர மாட்டான். அந்த வசனம் வரும். வாளி வலது கையிலிருந்து இடது கைக்கு மாறும். கொட்டகையில் யாராவது மூக்கை உறிஞ்சுவார்கள். ஒருநாள் கார்த்திகேசுவே பிந்தி வந்து, அவனை அவள் திருப்பி அனுப்பினாள் என்றும் ஒரு கதை உண்டு. அதை நான் பார்க்கவில்லை, அதனால் சொல்லவில்லை.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஆபீசுக்குப் பின்னால், அந்தக் காலத்தில் வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுச்செல்லும் ஆயாக்கொட்டகை இருந்தது. இப்போது ஒரு சுவர்தான் மிச்சம். விருந்தாளிகள் பார்வை அங்கே போகாது. ஒன்பது மணிக்கு முத்தம்மா அந்தச் சுவருக்குப் பின்னால் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் காப்பிப் பிளாஸ்க். மற்ற பத்துப் பேரும் அப்போது குளித்துக்கூட முடித்திருக்க மாட்டார்கள்.

ஒன்பதேமுக்காலுக்கு ஷர்வின் டேப்லட்டோடு சுவரைச் சுற்றிக்கொண்டு வருகிறான். இந்த ஏற்பாட்டையும் அவள்தான் கேட்டு வாங்கினாள். அந்தப் பெட்டிக்கும் வீட்டுக்கும் இப்போது ஒரு சம்பந்தமும் இல்லை என்று அவன் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டான்.

"முத்தம்மா" என்கிறான்.

"இருக்கேன்."

வந்தார் என்ற பெட்டியை அவன் தட்டுகிறான். அவள் எட்டிப் பார்த்து, பதிந்துவிட்டதா என்று உறுதி செய்துகொள்கிறாள். அதன் பிறகுதான் அவன் மணியடிக்கப் போகிறான்.